முதலில் ரப்பர், அப்புறம் ஜெட்

நேயர்களுக்கு வணக்கம்.

என் மேசை இழுப்பறையில் ஒரு ரப்பர் வளையம் கிடக்கிறது. என் பழைய மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டரில், அடிக்கிண்ணத்தின் பள்ளத்தில் உட்காரும் ஓ-ரிங் அது. எத்தனால் கலந்த பெட்ரோல் போட்டு ஓட்டத் தொடங்கிய சில வாரத்தில் வண்டிக்கு அடியில் ஈரம் தெரிந்தது. கிண்ணத்தைக் கழற்றியதும் வளையம் கையோடு வந்துவிட்டது. மறுபடி பள்ளத்தில் வைத்தால் உட்காரவே இல்லை. ஒரு பக்கம் அழுத்தினால் மறு பக்கம் எழும்பியது. அவ்வளவு ஊதியிருந்தது.

எத்தனாலுக்காக அதற்கு முன் நான் செய்திருந்த வேலை ஜெட்டை, அதாவது கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளை போட்ட சின்னத் திருகை, மாற்றியது மட்டும்தான். வண்டி நன்றாக இழுத்தது, ஐடிலிங் சீராக நின்றது, வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன். அந்தக் கசிவு சூடான எஞ்சின் மேல் விழுந்திருந்தால் தீப்பிடித்திருக்கலாம். எத்தனால் அதிகம் இருந்தால் அதன் தீச்சுடர் பகல் வெளிச்சத்தில் சரியாகக் கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் வண்டியை எத்தனாலுக்கு மாற்ற வேண்டும் என்று யார் கேட்டாலும், ரப்பரிலிருந்து தொடங்குங்கள் என்கிறேன்.

அதற்கும் முன்னால், டேங்கில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். இ10 என்றால் நூற்றுக்குப் பத்துப் பங்கு எத்தனால், இ20 என்றால் இருபது, இ85 என்றால் எண்பத்தைந்து வரை. இதை நாமே ஓரளவு அளந்து பார்க்கலாம். 100 மில்லி அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குடுவையில் 10 மில்லி தண்ணீர் ஊற்றுங்கள். மேலே 100 வரை எரிபொருளை நிரப்பி, மூடி, குலுக்கி, சற்று நேரம் அசையாமல் வையுங்கள். எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். பிரிகோடு 28-இல் நின்றால், 18 மில்லி எத்தனால் இறங்கியிருக்கிறது என்று பொருள். ஊற்றிய எரிபொருள் 90 மில்லி. ஆகவே ஏறத்தாழ 20 சதவீதம். திறந்த வெளியில், பக்கத்தில் நெருப்பு எதுவும் இல்லாமல் செய்யுங்கள். அந்த எரிபொருளைத் திரும்ப டேங்கில் ஊற்றாதீர்கள்.

இனி ரப்பர். வண்டியின் கையேட்டிலோ டேங்க் மூடியிலோ இ20 என்று போட்டிருந்தால் அந்த அளவுக்கு எதையும் மாற்ற வேண்டியதில்லை. பழைய வண்டி என்றால் பெட்ரோல் டியூப், பெட்ரோலைத் திறந்து மூடும் டேப்பின் வாஷர், கிண்ணத்தின் ஓ-ரிங், கிண்ணம் நிரம்பியதும் வரத்தை அடைக்கும் ஃபுளோட் ஊசியின் ரப்பர் முனை எல்லாவற்றையும் ஃபுளோரோ ரப்பரில் வாங்கிப் போடுங்கள். வைட்டான் என்று கேட்டால் கிடைக்கும். கார்க் வாஷர் இருந்தால் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள். ஃபைபர் கிளாஸ் டேங்க் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். எத்தனால் அதன் பிசினை இளக்கிவிடும், அது எஞ்சினுக்குள் போய் வால்வில் ஒட்டும். அப்புறம் ஃபில்டர். டேங்கில் பல வருடமாகப் படிந்த பிசுக்கை எத்தனால் கழுவி இறக்கும், முதல் இரண்டு டேங்க் முடிவதற்குள் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். ஒன்று கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஜெட்டுக்கு வரலாம். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும், ஏனென்றால் அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் ஆக்ஸிஜனே இருக்கிறது. எஞ்சின் இழுக்கும் காற்று மாறுவதில்லை. ஆகவே அதே காற்றுக்கு எரிபொருளைக் கூட்டித் தர வேண்டும். இ20-க்கு இந்தக் கூடுதல் 8, 9 சதவீதம். திராட்டிலை நன்றாகத் திறக்கும்போது எரிபொருள் தரும் மெயின் ஜெட்டின் துளை 1 மில்லிமீட்டர் என்றால் 1.04 போதும், தலைமுடியின் பருமனை விடவும் குறைவான வித்தியாசம். இதற்காகத் துளையைக் கம்பியால் குடைகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும். அடுத்த எண் ஜெட்டை வாங்கிப் போடுவதே சரி. இ85 என்றால் கதை வேறு. துளை 1.2 வரை போக வேண்டும், ஐடிலிங்குக்கு எரிபொருள் தரும் பைலட் ஜெட்டும், திராட்டிலோடு ஏறி இறங்கும் ஜெட் ஊசியும் சேர்ந்து மாற வேண்டும்.

எரிபொருள் போதவில்லை என்றால் வண்டியே சொல்லிவிடும். காலையில் சோக் இழுத்தாலும் தயங்கும், திராட்டிலைத் திருப்பும்போது நடுவில் ஒரு கணம் இழுவையே இல்லாமல் போகும், கையை விட்டதும் சைலன்ஸர் படபடக்கும். ஸ்பார்க் பிளக்கின் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். எத்தனால் கரி குறைவாக எரிவதால், சரியான கலவையிலும் பிளக் பெட்ரோலில் இருப்பதைவிட வெளுப்பாகத்தான் இருக்கும்.

கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் வண்டியில் ஆக்ஸிஜன் சென்சார் புகையைப் பார்த்துக் கலவையைத் தானே திருத்துகிறது. இ20 வரை பெரும்பாலும் சமாளித்துவிடும். ஆனால் திராட்டிலை முழுக்கத் திறக்கும்போது பல வண்டிகள் சென்சாரைக் கேட்பதில்லை, மனப்பாடமான கணக்கில் ஓடும். இ85-க்கு அந்தக் கணக்கையே திருத்தி எழுத வேண்டும், சில வண்டிகளில் இன்ஜெக்டரும் பெரிதாக வேண்டும். ஹோண்டா 2009-இல் பிரேசிலில் கொண்டுவந்த சிஜி 150 டைட்டன் மிக்ஸ் பெட்ரோலிலும் எத்தனாலிலும் இரண்டின் எந்தக் கலவையிலும் ஓடியது. அதில்கூட, குளிர் 15 டிகிரிக்குக் கீழே போனால் டேங்கில் 20 சதவீதமாவது பெட்ரோல் இருக்க வேண்டும். எத்தனால் குளிரில் எளிதில் ஆவியாகாது.

மைலேஜ் குறையும், அதை மறைக்க முடியாது. லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல், எத்தனாலில் 21. கணக்குப்படி இ20-இல் ஏழு சதவீதம் போகும். எத்தனாலின் ஆக்டேன் எண், அதாவது அழுத்தத்தில் தானாக வெடிக்காமல் தாங்கும் திறன், அதிகம். ஆகவே கம்ப்ரெஷனை, அதாவது எஞ்சின் கலவையை அழுத்தும் அளவை, கூட்டினால் கொஞ்சம் மீட்கலாம். ஆனால் அப்படிக் கூட்டிய எஞ்சினில் சாதாரண பெட்ரோல் போட்டால் அது தானாக வெடித்து எஞ்சினில் தட்டும் நாக்கிங் வரும். எப்போதும் இ85 கிடைக்கும் என்று உறுதியாகத் தெரிந்தால் தவிர அதில் இறங்க வேண்டாம்.

கடைசியாக, நிறுத்தி வைக்கும் வண்டி. எத்தனால் காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். ஒரு லிட்டர் இ10-இல் சுமார் 5 மில்லி தண்ணீர் கரைந்து நிற்கும். அதற்கு மேல் போனால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் தனியாகப் பிரியும், அலுமினியத்தை வெள்ளைப் பொடியாக அரிக்கும். மாதக்கணக்கில் நிறுத்துவதென்றால் டேங்கை நிரப்பி, டேப்பை மூடி, கிண்ணத்தைக் காலி செய்துவிடுங்கள். திரும்ப எடுக்கும் நாளில், டேப்பைத் திறந்து, முதலில் வருவதைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் ஒரு கோடு தெரிந்தால் டேங்க் முழுவதையும் காலி செய்த பிறகே கிக்கரில் கால் வையுங்கள்.

நன்றி, வணக்கம்.