சிலேட்டுக் கல்லில் பழுக்கும் திராட்சை

நேயர்களுக்கு வணக்கம்.

பிரான்சில் பிறந்து ஜெர்மனிக்குள் நுழையும் மோசல் ஆறு, கோப்லென்ஸ் நகரில் ரைன் ஆற்றோடு சேர்கிறது. நேராக ஓடவே தெரியாத ஆறு, அப்படி ஒரு வளைசல். அதன் கரைச் சரிவுகளில்தான் ஒயினுக்கான ரீஸ்லிங் என்னும் வெள்ளைத் திராட்சை விளைகிறது. ப்ரெம் கிராமத்துக்கு மேலே இருக்கும் கால்மோன்ட் சரிவு சில இடங்களில் 65 டிகிரி. அண்ணாந்து பார்த்தே கழுத்து வலித்தது எனக்கு.

அந்த வட்டாரத்தில் ஒரு சிறிய குடும்பத் தோட்டத்தில் இரண்டு நாள் அறுவடைக்குக் கூடமாட நின்றேன். டிராக்டர் அங்கே ஏறாது. ஒற்றைத் தண்டவாளத்தில் ஊர்ந்து போகும் குட்டி வண்டி ஒன்று ஆளையும் பெட்டியையும் மேலே கொண்டுபோய் விடும். அப்புறம் கால்தான். கொடிக்கு ஒரு கழி, குலைக்கு ஒரு வெட்டு, எல்லாம் கையால். இரண்டாம் நாள் காலையில் படுக்கையிலிருந்து எழ எனக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. எழுபது வயதைத் தாண்டிய அந்த வீட்டுப் பெரியவர் அதற்குள் மேலே போய்விட்டிருந்தார்.

சரி, சமதளத்தில் நட்டால் என்ன? அவ்வளவு வடக்கே வெயில் போதாது. தெற்குப் பார்த்த சரிவு இருக்கிற வெயிலை முழுசாக வாங்கிக்கொள்ளும். மண்ணோடு கலந்து கிடக்கும் சிலேட்டுச் சில்லுகள் பகல் சூட்டைப் பிடித்துவைத்து ராத்திரியில் விடும். நாம் ஒன்றாம் வகுப்பில் எழுதினோமே, அந்தச் சிலேட்டுக் கல்லேதான். பொழுது சாய்ந்தபின் ஒரு சில்லைக் கையில் எடுத்தேன். இறக்கிவைத்துக் கொஞ்ச நேரமான இட்லித் தட்டு மாதிரி வெதுவெதுப்பு.

ரோமானியர் காலத்திலிருந்தே அங்கே ஒயின் உண்டு. பீப்பாய் ஏற்றிய படகைச் செதுக்கிய ரோமானியக் கல் ஒன்று 1878-இல் மோசல் கரையிலுள்ள நோய்மாகனில் கிடைத்தது. 1787-இல் அந்தப் பகுதியை ஆண்ட ட்ரியர் பேராயர், மட்டமான கொடிகளைப் பிடுங்கி நல்ல இனம் வைக்கச் சொல்லி ஆணையிட்டார். ரீஸ்லிங் வேரூன்ற அதுவும் ஒரு காரணம்.

இந்தத் தோட்டக் குடும்பங்கள் தங்கள் வீட்டிலேயே தற்காலிக ஒயின் கடை நடத்தலாம். ஆண்டுக்கு நான்கு மாதம், நாற்பது இருக்கை, சொந்த ஒயின் மட்டும். வாசலில் துடைப்பமோ தழைக்கொத்தோ தொங்கினால் கடை திறந்திருக்கிறது என்று அர்த்தம். அங்கே ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். பச்சை ஆப்பிள் வாசனை, நாக்கைச் சுண்டும் புளிப்பு, பின்னாலேயே இனிப்பு.

பெரியவருக்குப் பிறகு யார் மேலே ஏறுவார்கள் என்று அந்த வீட்டு அம்மாவிடம் கேட்டேன். அவருடைய மகள் கைசன்ஹைமில் ஒயின் படிப்பு படிக்கிறாளாம். ஊருக்கே திரும்பிவிடுவாளா என்றதற்கு, "அறுவடைக்கு வருவாள்" என்று மட்டும் சொன்னார் அவள் அம்மா.