ஏ.வி.ஆர். ரிலே: பேண்ட் வைக்கிறதுக்கு முன்னாடி டேப் ஸ்டெப்பைப் பாருங்க

வணக்கம். மேசைமேல இருக்கே, இதுதான் ஏ.வி.ஆர். ரிலே. டிரான்ஸ்ஃபார்மரோட டேப்பை ஏத்தி இறக்கி, வோல்டேஜைத் தானாவே ஒரே அளவுல நிறுத்தப் பாக்கிறது இதோட வேலை. டேப்பைத் தூரத்துல இருந்து மாத்துற ஆர்.டி.சி.சி. பேனல்ல ரெய்ஸ், லோயர் பட்டனுக்குப் பக்கத்துல உட்கார்ந்திருக்கும். பழைய அனலாக் மாடல், வேணும்னேதான் இதை எடுத்தேன். டிஜிட்டல்ல எல்லா செட்டிங்கும் மெனுவுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கும். இதுல மூணு திருகு, மூணும் முகத்துக்கு நேரா: வோல்டேஜ், பேண்ட், டைம்.

நாம பேசப்போற டிரான்ஸ்ஃபார்மர் நம்ம ஊர்ல எங்க பார்த்தாலும் இருக்கிற 110/11 கே.வி., 16 எம்.வி.ஏ. ஓ.எல்.டி.சி., அதாவது லோடு ஓடுறப்பவே சுத்து எண்ணிக்கையை மாத்துற டேப் சேஞ்சர், ஹெச்.வி. பக்கம் (110 கே.வி. பக்கம்) இருக்கு. மேல 5 சதவீதம், கீழ 15 சதவீதம், ஒவ்வொரு படியும் 1.25. ஆக மொத்தம் 17 டேப், நார்மல் டேப் 5. டேப் நம்பர் ஏற ஏற ஹெச்.வி. சுத்து குறையும், 11 கே.வி. பக்கம் வோல்டேஜ் ஏறும். 11 கே.வி. பஸ்ல இருக்கிற பி.டி., அதாவது வோல்டேஜை அளக்கிறதுக்கான சின்ன டிரான்ஸ்ஃபார்மர், அதை 110 வோல்ட்டா மாத்தி ரிலேக்குக் கொடுக்கும். ரிலே அந்த 110-ஐ மட்டும்தான் பாக்குது. வெளியில 16 எம்.வி.ஏ. நிக்குதுன்னு அதுக்குத் தெரியவே தெரியாது.

வோல்டேஜ் செட்டிங்ல பெருசா ஒண்ணும் இல்ல. 11 கே.வி. வேணும்னா 110, 11.2 வேணும்னா 112. அவ்வளவுதான். தப்பு நடக்கிற இடம் ரெண்டாவது திருகு, இந்த பேண்ட், அதாவது எவ்வளவு விலகல் வரைக்கும் ரிலே சும்மா இருக்கணும்கிறது.

பேண்டைச் சின்னதா வச்சா வோல்டேஜ் நல்லா நிக்கும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. கணக்குப் போட்டே பாத்துடலாம். செட்டிங் 110, பேண்ட் பிளஸ் மைனஸ் அரை சதவீதம். அப்போ ரிலே சும்மா இருக்கிற எல்லை 109.45-லிருந்து 110.55 வரைக்கும். அகலம் 1.1 வோல்ட். இப்போ வோல்டேஜ் 109.4-க்கு இறங்குது. ரிலே ரெய்ஸ் கொடுக்குது, ஒரு டேப் ஏறுது. ஒரு டேப்னா 1.25 சதவீதம், 110-ல அது 1.375 வோல்ட். எங்க போய் நிக்கும்? 110.77. மேல் எல்லையைத் தாண்டிருச்சா? உடனே லோயர். திரும்ப 109.4. திரும்ப ரெய்ஸ். லோடு மாறல, உள்ள வர்ற இன்கமிங் வோல்டேஜ் மாறல, ஆனா டேப் சேஞ்சர் விடிய விடிய ஏறி இறங்கிட்டே இருக்கும். இதைத்தான் ஹன்டிங்னு சொல்றோம்.

ஒரு ஸ்பின்னிங் மில்லோட சப்ஸ்டேஷன்ல இதை நேர்லயே பாத்திருக்கேன். 9-லிருந்து 10, 10-லிருந்து 9. கவுன்ட்டர் எகிறிக்கிட்டே போகுது. டேப் மாறுறப்ப கரண்டை மாத்திவிடுற டைவர்ட்டர் ஸ்விட்ச்சோட ஆயிலை இறக்கிப் பாத்தா மை மாதிரி இருக்கு. அங்க டேப் சேஞ்சரைக் குறை சொல்லி, அதை ஓவர்ஹாலுக்கு அனுப்ப எஸ்டிமேட் வரைக்கும் போட்டு வச்சிருந்தாங்க. டேப் சேஞ்சர் பாவம், சொன்ன வேலையைச் செஞ்சுது.

இதுல இன்னொரு விஷயம் இருக்கு, இதை யாரும் பாக்கிறதில்ல. 1.25 சதவீதம்னு நேம் பிளேட்ல எழுதியிருக்கிறது ஹெச்.வி.யோட 110 கே.வி.ல. எல்.வி. பக்கம், அதாவது 11 கே.வி. பக்கம் கிடைக்கிற ஸ்டெப் எல்லா டேப்லயும் ஒண்ணு இல்ல. டேப் 16-ல ஹெச்.வி. 94.875 கே.வி., டேப் 17-ல 93.5. வகுத்துப் பாருங்க, 1.0147 வரும். அதாவது கடைசி ஸ்டெப் கிட்டத்தட்ட 1.47 சதவீதம், பி.டி. செகண்டரில 1.6 வோல்ட்டுக்கு மேல. பகல்ல டேப் 5-ல நின்னு டெஸ்ட் பண்ணிட்டு ஓகேன்னு போயிருப்பாங்க. சாயங்காலம் இன்கமிங் இறங்கி டேப் 15, 16-க்குப் போனப்புறம் ஹன்டிங் ஆரம்பிக்கும்.

அதனால கணக்கை எப்பவும் பெரிய ஸ்டெப்பை வச்சுப் போடுங்க. பாதி பேண்ட், அதாவது அந்த பிளஸ் மைனஸ் எண், ஸ்டெப்புல 0.6 பங்காவது இருக்கணும். 1.47-க்கு 0.88 வருது. நான் பிளஸ் மைனஸ் 1-க்குக் கீழ இறங்க மாட்டேன். ஃபீடர்ல ஃபர்னஸ் லோடு இருந்தா 1.5 வரைக்கும் போவேன். சட்டமும் அவ்வளவு இறுக்கிப் பிடிக்கச் சொல்லல. 1956 இந்திய மின்சார விதிகள்ல 54-ஆவது விதி ஹெச்.டி. சப்ளைக்கு மேல 6, கீழ 9 சதவீதம் விட்டுச்சு. 11 கே.வி.க்கு அது 10.01-லிருந்து 11.66 வரைக்கும். அவ்வளவு இடம் இருக்கிறப்ப அரை சதவீதத்துல நின்னு யாருக்கு என்ன லாபம்?

சரி, டெஸ்டுக்கு வருவோம். இங்க மேசைல பயம் இல்ல. சைட்ல செய்றவங்க இதைக் கவனமா கேளுங்க. ரிலே டெர்மினல்ல 110 வோல்ட் கொடுக்கிறதுக்கு முன்னாடி பி.டி.யையும் ரிலேயையும் இணைக்கிற லிங்க்கைக் கழட்டணும். கழட்டிட்டு, பி.டி. பக்கம் உங்க சப்ளை போகலன்னு மீட்டர் வச்சுப் பாக்கணும். லிங்க்கை விட்டுட்டு கொடுத்தீங்கன்னா பி.டி. தலைகீழா வேலை செய்யும். நீங்க கொடுத்த 110 அந்தப் பக்கம் 11,000-ஆ நிக்கும். பஸ் ஆஃப்னு நம்பி அங்க யாராவது கை வச்சிருக்கலாம். கரண்டை அளக்கிற சி.டி. நேர் எதிர். அதை முதல்ல ஷார்ட் பண்ணணும், அப்புறம்தான் திறக்கணும். ரெய்ஸ், லோயர் அவுட்புட் ஒயரையும் எடுத்துடுங்க, இல்லன்னா இங்க நீங்க வேரியாக் (வோல்டேஜைத் திருகி ஏத்தி இறக்குற டிரான்ஸ்ஃபார்மர்) சுத்துறப்ப வெளியில நிஜ டேப் சுத்தும்.

இப்போ பாருங்க. வேரியாக், அதுல இருந்து ரிலே. மல்டிமீட்டர் ரிலே டெர்மினல்லயே இருக்கு. வேரியாக் டயலை நம்பாதீங்க, அது சும்மா ஒரு அழகுக்கு. அவுட்புட் கான்டாக்ட் ரெண்டுலயும் ஒவ்வொரு டெஸ்ட் லேம்ப்.

110-ல வைக்கிறேன். எந்த லைட்டும் எரியல. மெதுவா இறக்குறேன். 109.5... 109.2... 109... 108.9, அந்தா, ரெய்ஸ் எல்.இ.டி. மினுக்க ஆரம்பிச்சிருச்சு. டைமர் ஸ்டார்ட்னு அர்த்தம், கான்டாக்ட் இன்னும் மூடல. திரும்ப ஏத்துறேன், அணைஞ்சிருச்சு. மேல போறேன்... 111.1, லோயர். பேண்ட் பிளஸ் மைனஸ் 1 சரியா இருக்கு. நடு 110-ல விழுதா பாத்துக்கோங்க. கீழ் எல்லையும் மேல் எல்லையும் சமமா இல்லன்னா முதல்ல வோல்டேஜ் திருகைத் தொடணும், பேண்டை இல்ல.

ஒரு தொல்லை இருக்கு. உங்க சுவர் சாக்கெட் சப்ளை 2 வோல்ட் ஆடினா, இங்க 110-ல கிட்டத்தட்ட 1 வோல்ட் ஆடும். நாம அளக்கிறதே 1.1 வோல்ட்! நான் ஆன்லைன் யு.பி.எஸ். வழியா எடுத்திருக்கேன். ஓமிக்ரான் மாதிரி டெஸ்ட் கிட் இருந்தா இந்தத் தலைவலியே இல்ல. ஆனா அது எல்லார்கிட்டயும் இருக்காது, வேரியாக் இருக்கும்.

டைம். இந்த மாடல்ல இன்வெர்ஸ், விலகல் கூடக் கூட காத்திருக்கிற நேரம் குறையும். 60 செகண்ட் வச்சிருக்கேன். எல்லையை ஒட்டி நின்னா 60 ஆகும். விலகல் ரெட்டிப்பான 107.8-ல 30. மூணு மடங்கு, அதாவது 106.7-ல 20. உங்க மாடலோட கர்வை மேனுவல்ல பாத்துக்கோங்க. ஸ்டாப்வாட்ச் போடுறேன்... 107.8-க்கு சட்டுனு இறக்கிட்டேன்... இந்த இடைவெளியை எடிட்டிங்ல வெட்டிடுறேன்... 31. போதும், இதுக்கு மேல பாக்க வேண்டாம். பெரிய மோட்டார் ஸ்டார்ட் ஆகி வோல்டேஜ் தானா திரும்பினா டேப் ஓடக் கூடாது, அதுக்குத்தான் இந்தக் காத்திருப்பு.

அடுத்தது அண்டர்வோல்டேஜ் பிளாக், அதாவது வோல்டேஜ் ரொம்பக் குறைவாத் தெரிஞ்சா டேப்பை ஓட விடாம நிறுத்துறது. என்னைக் கேட்டா, பேண்டுக்கு அடுத்தபடியா இதைச் சோதிக்காம ரிலேயை ஆட்டோல விடவே கூடாது. பி.டி.ல ஒரு ஃப்யூஸ் போயிருச்சுன்னு வைங்க. நிஜ வோல்டேஜ் சரியா இருக்கு, ரிலேக்கு மட்டும் குறைவாத் தெரியுது. அது என்ன செய்யும்? ரெய்ஸ், ரெய்ஸ், ரெய்ஸ். டேப் 8-ல இருந்தது 17-க்குப் போனா பஸ் வோல்டேஜ் 13 சதவீதம் ஏறும். 11 கே.வி. சுமார் 12.45 ஆகும், வீட்ல 230 இருக்கிற இடத்துல 260. கண்ணாடி போடாதவன் புத்தகத்தைக் கண்ணுக்குக் கிட்ட கிட்டக் கொண்டு போற கதை.

இதுல ஒரு நுணுக்கம். ஃப்யூஸ் போனா ரிலேக்கு வோல்டேஜ் பூஜ்யம் ஆகும்னு நினைக்காதீங்க. பேனல்ல இருக்கிற மத்த மீட்டர் வழியா சுத்தி வந்து பாதிக்குப் பக்கத்துல எதையாவது காட்டும். அதனால பிளாக்கை 50 சதவீதத்துல வச்சா அது தூங்கிடும். 80-ல, அதாவது 88 வோல்ட்ல வைங்க. பாருங்க, இறக்குறேன். ரெய்ஸ் கான்டாக்ட் மூடி, லேம்ப் எரியுது. இன்னும் இறக்குறேன்... 90... 89... 88. லேம்ப் அணைஞ்சுது, யு.வி. எல்.இ.டி. வந்துருச்சு. எல்.இ.டி. மட்டும் வந்து, லேம்ப் எரிஞ்சுக்கிட்டே இருந்தா அந்த பிளாக் வெறும் அலங்காரம். அதனாலதான் லேம்ப் வச்சுப் பாக்கச் சொல்றேன்.

லைன் டிராப் காம்பன்சேஷனை (எல்.டி.சி.), அதாவது லைன்ல விழுற வோல்டேஜை ஈடுகட்டுறதை, சுருக்கமா சொல்லிடுறேன். ரெசிஸ்டன்ஸ்ல விழுறதுக்கான ஆர்-ஐ 10 வோல்ட், ரியாக்டன்ஸ்ல விழுறதுக்கான எக்ஸ்-ஐ பூஜ்யம் வச்சு, வோல்டேஜோட ஒரே ஃபேஸ்ல முழு சி.டி. கரண்ட் கொடுத்தா, ரிலே 120-ல போய் பேலன்ஸ் ஆகணும். 100-ல ஆனா சி.டி. திரும்பியிருக்கு. இங்க சி.டி. ஆர் ஃபேஸ்ல, பி.டி. ஒய்-பி நடுவுலன்னா 90 டிகிரி வித்தியாசத்தையும் கணக்குல எடுக்கணும். காத்தாலையோ சோலாரோ 11 கே.வி.ல இருந்து மேல தள்ளுற சப்ஸ்டேஷன்ல இருந்தீங்கன்னா எல்.டி.சி.யை ரெண்டையும் பூஜ்யத்துல வச்சுடுங்க. பவர் திரும்புனா அந்தக் கணக்கும் தலைகீழாயிடும்.

எல்லா லிங்க்கும் போட்டப்புறம் சைட்ல ஒரு கடைசி வேலை. மேனுவல்ல ரெண்டு டேப் இறக்கிட்டு ஆட்டோவுக்குத் தள்ளுங்க. காத்திருந்து ஏறணும், பேண்டுக்குள்ள வந்ததும் நிக்கணும், நின்ன இடத்துலயே இருக்கணும். கவுன்ட்டர் ரீடிங்கைத் தேதியோட லாக் புக்ல எழுதிட்டு வாங்க. அடுத்த வாரம் ஷிஃப்ட்ல இருக்கிறவர்கிட்ட அதே கவுன்ட்டரைப் படிக்கச் சொல்லிக் கேளுங்க.

ரெண்டு டிரான்ஸ்ஃபார்மர் பேரலல்ல ஓடுறப்ப மாஸ்டர் ஃபாலோயர், சர்க்குலேட்டிங் கரண்ட் எல்லாம் வேற விவகாரம். அதுக்கு இதே மாதிரி இன்னொரு ரிலே வேணும். கிடைச்சதும் எடுக்கிறேன்.