சக்சஸுக்குப் பின்னால் என்ன வரும்?

நேயர்களுக்கு வணக்கம். இன்று ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லைப் பற்றிப் பேசப்போகிறேன். சக்சஸ். "ஆபரேஷன் சக்சஸ்", "படம் சக்சஸ்" என்று நாம் அன்றாடம் சொல்வதுதான். தமிழ்ப் பேச்சில் அது ஒரு குறையுமில்லாமல் ஓடுகிறது. அதையே ஆங்கிலத்தில் கடிதமோ விண்ணப்பமோ எழுதும்போது வைத்தால்தான் தடுமாற்றம்.

"த ஃபிலிம் வாஸ் சக்சஸ்" என்று எழுதுகிறோம். அங்கே ஒன்று குறைகிறது. முன்னால் ஓர் 'எ' சேர்த்து "வாஸ் எ சக்சஸ்" என்றாக வேண்டும், இல்லையென்றால் "வாஸ் சக்சஸ்ஃபுல்" என்று மாற வேண்டும். வெற்றி பெற்ற ஒரு குறிப்பிட்ட காரியம் என்றால் 'எ' வரும். "ஹார்ட் வொர்க் பிரிங்ஸ் சக்சஸ்" என்று பொதுவாகச் சொன்னால் 'எ' வேண்டாம்.

இனி வினைச்சொல், சக்சீட். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். கடன் கிடைத்துவிட்டது என்பதை "ஐ சக்சீடெட் டு கெட் த லோன்" என்று எழுதுபவர்கள் ஏராளம். அது தவறு. "ஐ சக்சீடெட் இன் கெட்டிங் த லோன்." கவனியுங்கள்: முதலில் 'இன்', அப்புறம் வினையோடு 'இங்'. இன் கெட்டிங், இன் ஃபைண்டிங், இன் ரிப்பேரிங்.

ஏன் எல்லோருக்கும் இந்த இடத்தில் 'டு' வந்து விழுகிறது? பக்கத்துச் சொற்கள் அப்படிப் பழக்கிவிட்டன. ஃபெயில் என்றால் "ஃபெயில்டு டு கெட்". மேனேஜ் என்றால் "மேனேஜ்டு டு கெட்". டிரை என்றாலும் "டிரைடு டு கெட்". மூன்றும் 'டு' கேட்கும். சக்சீட் மட்டும் 'இன்' கேட்கும். "ஃபெயில்டு டு கெட், சக்சீடெட் இன் கெட்டிங்" என்று வாய்விட்டு நாலு தடவை சொல்லுங்கள், காது பிடித்துக்கொள்ளும். எழுதும் நேரத்தில் சந்தேகம் வந்தால் "மேனேஜ்டு டு" என்று எழுதிவிடலாம். பேச்சுக்கு அதுதான் இயல்பும்கூட.

சக்சீட் பக்கத்தில் 'டு' வரவே வராதா என்றால், வரும். ஆனால் பொருள் வேறு. "சக்சீடெட் டு த த்ரோன்" என்றால் அரியணைக்கு வந்தார். இந்தச் சொல்லின் லத்தீன் வேர் 'பின்னால் வருதல்' என்ற பொருள் கொண்டது. 1952இல் எலிசபெத் அரசியானதை "எலிசபெத் சக்சீடெட் ஹெர் ஃபாதர்" என்று எழுதுவார்கள். அப்பாவை ஜெயித்தார் என்று அர்த்தமில்லை, அவருக்கு அடுத்து வந்தார். சக்சஸர் என்றால் அடுத்து வருபவர். "த்ரீ சக்சஸிவ் ஃபெயிலியர்ஸ்" என்றால் அடுத்தடுத்து மூன்று தோல்விகள். சக்சஸ்ஃபுல், சக்சஸிவ் இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருப்பதால் அவசரமாக மொழிபெயர்ப்பவர்கள் சறுக்கும் இடம் இது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பழைய ஆங்கிலத்தில் சக்சஸ் என்றாலே விளைவுதான், நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. 1611இல் வெளிவந்த ஆங்கில பைபிளில், யோசுவா முதல் அதிகாரத்தில், "குட் சக்சஸ்" என்றே வருகிறது. 'குட்' அன்று தேவைப்பட்டது.

அடுத்து, தமிழில் 'வெற்றி' எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஆங்கிலத்தில் பிரித்தாக வேண்டும். எதிரணியைத் தோற்கடித்தால் "விக்டரி ஓவர்". அங்கே "சக்சஸ் ஓவர்" எழுதக்கூடாது. தேர்வு என்றால் "காட் சக்சஸ் இன் த எக்ஸாம்" வேண்டாம், "பாஸ்டு த எக்ஸாம்" போதும்.

சக்சஸ் எழுத்துக்கூட்டலில் நடுவில் இரண்டு சி, கடைசியில் இரண்டு எஸ். முதல் சி 'க்' ஆகிறது, இரண்டாவது 'ஸ' ஆகிறது, அழுத்தம் பிற்பாதியில். சக்சஸ்ஃபுல் கடைசியில் ஒரு எல்தான். சக்சஸ்ஃபுல்லி என்னும்போதுதான் இரண்டு.

அச்சீவ்மென்ட் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், கடிகாரம் அவசரப்படுத்துகிறது. ஒன்று மட்டும்: அச்சீவ் நேராகச் செயப்படுபொருளை எடுக்கும், 'இன்' வேண்டாம். "ஷி அச்சீவ்டு ஹெர் டார்கெட்." "அச்சீவ் சக்சஸ்" என்பதும் சரியே. நன்றி, வணக்கம்.