வேலியில ஒரு வழி

நடுவர் அவர்களே, ஊட்டி மக்களே, வணக்கம். இன்னைக்குப் பட்டிமன்றத் தலைப்பு: எது பெருசு, கருத்தா, புரிதலா? நான் புரிதல் கட்சி.

எதிரணி அண்ணன் ஒரு அம்பு விட்டுட்டு உட்கார்ந்தார். "சொல்லக் கருத்து இல்லாதவங்கதான் புரிதல், புரிதல்னு பேசுவாங்க. எனக்குக் கருத்து இருக்கு. மேலே போகப் போகக் குளிர், அதனால மேட்டுத் தேயிலைக்குத்தான் உறைபனி ஆபத்து"ன்னார். நீங்களும் தட்டினீங்க.

அண்ணே, ஜனவரி மாசம் காலைல 5 மணிக்கு நம்ம ஊட்டிக்குப் பக்கத்துல தலைகுந்தாவுக்கு வாங்க. பள்ளத்துப் புல்லெல்லாம் உப்புத் தூவின மாதிரி கிடக்கும். சரிவு ஏறினா செடி பச்சையா நிக்கும். மேகமும் காத்தும் இல்லாத ராத்திரியில தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுடுது. தரையைத் தொட்ட காத்து குளிர்ந்து, கனத்து, தண்ணி மாதிரி வழிஞ்சு பள்ளத்துல தேங்குது.

இப்ப அண்ணன் கருத்தை நம்பின ஒருத்தரை நினைச்சுக்குங்க. குளிர்காத்தைத் தடுக்கணும்னு தோட்டத்து அடிவரப்புல நெருக்கமா வேலிச்செடி வைக்கிறார். வழிஞ்சு வந்த குளிர் எங்கே போகும்? வேலி அணையாயிடுச்சு! தேங்கி நின்னு நாலு வரிசை கருகுது. அவர் என்ன நினைப்பார்? வேலி பத்தலை! இன்னும் நெருக்குறார். எட்டு வரிசை. மறுவருஷம் ரெண்டாவது வேலி! கருத்து அப்படியே இருக்குங்க, தேயிலைதான் இல்லை. புரிஞ்சவர் அருவாளோட வந்து அடிப்பக்க வேலியில வழி வெட்டுவார். குளிர் பாட்டுக்கு இறங்கிப் போயிடும்.

'ஸ்பிரிங்ளர் போட்டாப் போதும்'னும் அண்ணன் சொன்னார். 1 கிராம் தண்ணி உறையும்போது 80 கலோரி சூடு வெளிய வருது. இலையைக் காப்பாத்துறது அந்தச் சூடு. பாதி ராத்திரியில மோட்டாரை நிறுத்தினா உறையுறதும் நிக்கும், சூடும் நிக்கும். ஈரம் ஆவியாகி இலை இன்னும் குளிரும். போடாமலே இருந்திருக்கலாம். ஆரம்பிச்சா, வெயில் ஏறி ஐஸ் உருகுற வரைக்கும் ஓடணும்.

இந்தக் கூட்டத்துல அம்மாமார் இருக்கீங்க. சாயங்காலம் வாசல்ல நின்னு, மேகமில்லாத வானத்தைப் பார்த்து, "இன்னைக்குப் பனி விழும், தாகைப் பெரணி வெட்டி நாத்தை மூடு"ன்னு சொல்றவங்க. வெயில் படுறதுக்கு முன்னாடி, விரைச்ச விரலோட குடத்துத் தண்ணி மொண்டு இலைக்கு இலை தெளிக்கிறவங்க. வீட்டுக்கு வந்து அந்தக் கையை அடுப்புகிட்ட நீட்டும்போது பிள்ளை பிடிச்சுத் தேய்ச்சுவிடுது. இதுவரைக்கும் எந்த மேடையும் உங்ககிட்டக் கருத்துக் கேட்டதில்லை அம்மா.

நடுவர் அவர்களே, தீர்ப்பு எழுதப் பேனா எடுக்கும்போது அந்தக் கையை ஒரு தடவை நினைச்சுக்குங்க. வணக்கம்.