அந்த அம்மாவிடம் யார் கேட்டார்கள்?

நேயர்களுக்கு வணக்கம். இந்த உரைக்காக என்னை அழைத்த தங்கை தொலைபேசியில் முதலில் கேட்ட கேள்வி, "அக்கா, தலைப்பை எப்படி அறிவிக்கட்டும்?" என்பதுதான். நியாயமான சங்கடம். 'நீலப்படம்' என்றால் காப்பிக்கடைப் பேச்சு மாதிரி இருக்கிறது. 'ஆபாசப் படம்' என்றால் பேசுவதற்கு முன்பே தீர்ப்பு சொல்லியாகிவிட்டது. 'பலான படம்' என்றால் சிரிப்பு வந்துவிடும். 'ஏ படம்' என்பது தணிக்கைக் குழுவின் முத்திரை. வெட்டுக்குத்துப் படத்துக்கும் அது கிடைக்கும். கடைசியில், 'பாலியல் படத் தொழிலில் இருப்பவர்களைப் பற்றிய ஆவணப்படங்கள்' என்று வாய் நிறையச் சொல்லிவிடலாம் என முடிவு செய்தோம். அப்புறம் பேருந்தில் வீடு திரும்பும்போது ஒன்று தோன்றியது. படத்துக்கு நம்மிடம் இத்தனை பெயர் இருக்கிறது. அதில் வேலை செய்கிறவருக்கு? வசைச்சொல்லைத் தவிர ஒரு பெயரும் இல்லை.

பக்கத்தில் பிள்ளைகள் இருந்தால் பதற வேண்டாம். நான் படுக்கையறைப் பக்கம் போகப்போவதில்லை. படத்தொகுப்பு மேசையை விட்டு நகர மாட்டேன். நான் படத்தொகுப்பாளர். பெரிய திரைப்படங்கள் எதுவும் இல்லை. கல்யாண வீடியோ, நிறுவனங்களின் விளம்பரம், எப்போதாவது தொலைக்காட்சிக்கு ஓர் ஆவணப்படம். இருபது வருடமாக இதுதான் சோறு போடுகிறது. எந்தப் படத்தைப் பார்த்தாலும் கதையை விட, எங்கே வெட்டினார்கள், எதை விட்டுவைத்தார்கள் என்பதில்தான் கண் போகும்.

இந்த வகை ஆவணப்படங்களில் சிங்கப்பூரர்களால் ஒதுக்கவே முடியாத ஒன்று உண்டு. 1999-இல் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. அனபெல் சோங் என்ற திரைப்பெயர் கொண்ட பெண்ணைப் பற்றியது. அவர் 1972-இல் இங்கே பிறந்தவர். இங்கேயே பள்ளிப்படிப்பு, லண்டனில் சட்டம், பிறகு லாஸ் ஏஞ்சலிஸில் பல்கலைக்கழகப் படிப்பு. இதுவரை கேட்டால் எந்த வீட்டிலும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளக்கூடிய வரலாறு. அங்கே படித்துக்கொண்டிருந்தபோது இந்தத் தொழிலுக்கு வந்தார். 1995-இல் 251 என்ற எண்ணைப் போட்டு, உலக சாதனை என்று விளம்பரம் செய்து ஒரு படம் எடுத்தார்கள். ஒரே படப்பிடிப்பில் எத்தனை முறை என்ற கணக்கு அது; அதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. 2007-இல் அந்த எண்ணையே பெயராக வைத்து இங்கே ஒரு மேடை நாடகம்கூட வந்தது.

அந்த ஆவணப்படத்தை நான் மெல்பர்னில் படித்தபோது, நூலகத்தில், காதில் ஒலிகேட்பானை மாட்டிக்கொண்டு பார்த்தேன். அக்கம்பக்கத்தில் யாராவது தெரிந்தவர்கள் இருக்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தது நினைவிருக்கிறது. வெளிநாட்டுக்குப் போனாலும் முதுகுக்குப் பின்னால் ஒரு பெரியம்மா நிற்கிற உணர்வு போகாது, இல்லையா?

அதிர்ச்சி தரும் என்று எதிர்பார்த்துப் போன காட்சிகள் சலிப்பாகத்தான் இருந்தன. மனதில் தைத்தவை வேறு. முதலாவது, காசு. அந்த 1995 படத்துக்காக அவருக்குப் பேசிய தொகை 10,000 அமெரிக்க டாலர். படம் நன்றாக விற்றது. பேசிய பணம் அவர் கைக்கு வரவில்லை. சாதனை, புரட்சி, பெண் விடுதலை என்று அவரே பெரிய பெரிய விளக்கங்கள் வைத்திருந்தார். சிலவற்றில் எனக்குக்கூட உடன்பாடுதான். ஆனால் சம்பளம் வராத வேலைக்கு நம் ஊரில் ஒரே ஒரு பெயர்தான்.

இரண்டாவது, அவர் தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் ஒரு காட்சி. பார்த்த உடனே எனக்கு வந்த கேள்வி, இதை எடுத்தவர் ஏன் கேமராவைக் கீழே வைக்கவில்லை என்பது. எடுத்தவர் பதற்றத்தில் எடுத்திருக்கலாம். ஆனால் என்னைப் போல ஒருவர், பிறகு, அமைதியான ஓர் அறையில் காப்பி குடித்துக்கொண்டே அதை 'வைக்கலாம்' என்று முடிவு செய்திருக்கிறார். அதற்குப் பதற்றம் என்ற சாக்கு கிடையாது.

மூன்றாவது, அம்மா. மகள் என்ன தொழில் செய்கிறாள் என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. கேமரா இருக்கும்போதே தெரியவருகிறது. அவர் அழுகிறார். அந்தக் காட்சிதான் படத்தின் உயிர் என்று எழுதாத விமர்சகர் குறைவு. உண்மைதான், உயிர்தான். மகளாவது தெரிந்து கேமரா முன் வந்தவர். அந்த அம்மாவிடம் யார் கேட்டார்கள்? ஒருவேளை கேட்டிருக்கலாம், தாளில் கையெழுத்தும் வாங்கியிருக்கலாம். அழுது ஓய்ந்த மனுஷியிடம் வாங்கும் கையெழுத்துக்கு என்ன மதிப்பு? பாலியல் படம் எடுத்தவர்கள் மகளின் உடம்பை விற்றார்கள் என்று சொல்லும் அதே படம், அம்மாவின் கண்ணீரை விற்கிறது. இதை எந்தப் பேச்சுச் சாமர்த்தியத்தாலும் எனக்கு மறைக்கத் தெரியவில்லை.

சரி, அது பழைய கதை, இப்போது திருந்தியிருப்பார்கள் என்று நினைக்கலாம். 2015-இல் மயாமி நகரைக் களமாக வைத்து இன்னோர் அமெரிக்க ஆவணப்படம் வந்தது. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண்கள் இணைய விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். ஒரு முகவர் வீட்டில் கூட்டமாகத் தங்குகிறார்கள். காட்சிக்கு இவ்வளவு என்று பேசிக் கையில் கொடுத்துவிடுவார்கள். பிறகு அந்தப் படம் பல ஆண்டுகள் ஓடினாலும் நடித்தவருக்கு ஒரு காசு வராது. வாடகை, உடை, ஒப்பனை, மருத்துவப் பரிசோதனை எல்லாம் பெரும்பாலும் அவரவர் செலவு. சில மாதங்களில் புதுமுகம் பழைய முகமாகிவிடும். கணக்குப் போட்டுக் காட்டும் இந்தப் பகுதிகள் அருமையானவை. தயவுசெய்து இதைப் பாருங்கள் என்று நான் யாரிடமாவது சொன்னால், அந்தக் கணக்குக்காகத்தான். ஆனால் அதே குழுவினர் 2017-இல் தொடராக எடுத்தபோது, இணையத்தில் தாங்கள் நேரலையாகப் பேசிய காட்சியைக் கேட்காமலேயே சேர்த்துவிட்டார்கள் என்று அந்தத் தொழிலில் இருக்கும் பெண்களே புகார் சொன்னார்கள். சுரண்டலைப் பற்றிய படத்திலேயே இந்தப் புகார்.

அமெரிக்காவில் இது சட்டப்படி நடக்கும் தொழில். 1988-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு அதற்கு வழிவிட்டது. லாஸ் ஏஞ்சலிஸுக்குப் பக்கத்தில் இருக்கும் சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கு அதன் தலைநகர் போல ஆனது. 2004-இல் அங்கே நடிகர்களிடையே ஹெச்ஐவி தொற்று தெரியவந்து, படப்பிடிப்புகள் சில வாரம் நின்றன. மாதம் ஒருமுறை இருந்த பரிசோதனை, 2013-க்குப் பிறகு 14 நாளுக்கு ஒருமுறை என்று வழக்கமாகிவிட்டது. ஆக, உடம்பைச் சோதிக்க முறை வந்துவிட்டது. சம்மதத்தைச் சோதிக்க?

சான் டியேகோவில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். வெளிநாட்டில் வட்டுகளாகத்தான் விற்போம், இணையத்தில் வராது என்று நம்பவைத்து இளம்பெண்களிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். வந்தது இணையத்தில்தான். பெயர், ஊர், படித்த பள்ளி என எல்லாம் வெளியாகி அவர்கள் வாழ்க்கையே குலைந்தது. 2020 ஜனவரியில் நீதிபதி 22 பெண்களுக்கு ஏறக்குறைய 12.7 மில்லியன் டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தார். ஜப்பான் 2022-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஒப்பந்தம் போட்டு ஒரு மாதம் கழித்துத்தான் படப்பிடிப்பு. படம்பிடித்து நான்கு மாதம் கழித்துத்தான் வெளியீடு. வெளியான பிறகும் ஓர் ஆண்டுக்குள், காரணம் சொல்லாமலே, அபராதம் கட்டாமலே, 'வேண்டாம்' என்று சொல்லிவிடலாம். அங்கே தொழிலில் இருக்கும் சிலர், இதனால் பிழைப்பு கெடுகிறது, தலைமறைவாக எடுப்பவர்கள்தான் பெருகுவார்கள் என்று எதிர்த்தார்கள். அந்த வாதத்தையும் தள்ளிவிட முடியாது. ஆனாலும் தொகுப்பாளராக அந்தச் சட்டத்தைப் படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. நான்கு மாதம்! எங்களுக்கு நான்கு நாள் கிடைத்தால் பெரிது.

நம் நாட்டில் இந்தப் படங்களை எடுப்பதும் பரப்புவதும் குற்றம். 2022 அக்டோபரில், இணையத்தில் சந்தா வாங்கித் தன் படங்களை வெளியிட்ட ஓர் இளைஞருக்கு 3,000 வெள்ளி அபராதமும், அந்தக் கணக்கைத் தொடக் கூடாது என்ற காவல்துறை உத்தரவை மீறியதற்காக 3 வாரச் சிறையும் விதித்தார்கள். ஆவணப்படங்களின் கதை வேறு. தரம் பிரித்து அனுமதிப்பார்கள். 21 வயதானவர்களுக்கு மட்டும் என்கிற ஆர்21 முத்திரை விழுந்தால், பல ஆண்டுகளாகக் குடியிருப்புப் பேட்டைத் திரையரங்கில் போடாமல் இருந்தார்கள், நகரத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது. கைப்பேசி இருக்கும் காலத்தில் அந்தப் பயணம் யாரைத் தடுத்தது என்று எனக்குப் புரிந்ததில்லை.

கல்யாண வீடியோக்காரிக்கு இதில் என்ன இவ்வளவு கவலை என்று கேட்கலாம். சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன்பு ஒரு கல்யாணம். தாலி கட்டி முடிந்ததும் பெண்ணின் அப்பா மண்டபத்துக்குப் பின்னால், பாத்திரங்கள் அடுக்கியிருந்த இடத்தில் போய் நின்று தேம்பித் தேம்பி அழுதிருக்கிறார். எங்கள் கேமராப் பையன் அதை எடுத்துவிட்டான். அழகான ஒளி, அழகான முகம். நான் நாதஸ்வரத்தை மெதுவாகக் குறைத்து, அதன்மேல் அந்த அழுகையை வைத்தேன். என் வேலையிலேயே சிறந்த நாற்பது விநாடி அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

முதல் பிரதியைப் பார்த்துவிட்டு அவர் போன் செய்தார். "அம்மா, அந்த இடத்த மட்டும் எடுத்துடும்மா. யாரும் பார்க்கலன்னு நெனச்சுத்தான் அங்க போனேன்" என்றார். எடுத்துவிட்டேன். அதற்கு முன்பு, கொஞ்சம் வாதாடவும் செய்தேன் என்பதை மறைக்கக் கூடாது. "ஐயா, பார்க்கிறவங்க கண்ணுல தண்ணி வந்துடும்" என்றேன். அவர் அதற்குப் பதிலே சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து மணப்பெண் என்னைத் தேக்கா கடைத்தெருவில் பார்த்தார். "அக்கா, அப்பா அழுதாராமே, அத்தை சொன்னாங்க. வீடியோவுல இல்லையே?" கேமரா அந்தப் பக்கம் இல்லைம்மா என்று சொல்லிவிட்டேன். அவருக்கு ஏமாற்றம்தான். அந்த நாற்பது விநாடி இன்னும் என் வன்தட்டில் இருக்கிறது. அழிக்க மனம் வரவில்லை.

வணக்கம்.