மழை ஜாக்கெட் வாங்கும் முன் அக்குளைப் பாருங்கள்

வணக்கம் மக்களே. இன்றைக்கு மழை ஜாக்கெட் பற்றிப் பேசலாம். 100 முதல் 150 சிங்கப்பூர் வெள்ளிக்குள், மலையேறத் தோதாக எதை வாங்குவது?

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டில் நடக்கவும் புக்கிட் தீமா குன்றில் ஏறவும் மட்டும்தான் என்றால், இந்தக் காசைச் செலவழிக்காதீர்கள். புக்கிட் தீமா உச்சி 164 மீட்டர்கூட இல்லை. நனைந்தால் நனையட்டும், பையில் ஒரு மாற்று டீ-ஷர்ட் இருந்தால் போதும். இடி இடித்தால் மட்டும் ஒதுங்கிவிடுங்கள். ஜாக்கெட் வேண்டியது மலேசியாவின் கினபாலு மலைக்குப் போகிறவர்களுக்கு. அது 4,095 மீட்டர். விடியும் முன் உச்சியில் உறைய வைக்கும் குளிர், அதோடு காற்று வேறு. ஈர உடம்போடு அங்கே நிற்க முடியாது.

கடையில் அட்டையைத் திருப்பினால் 10,000 மி.மீ. என்று போட்டிருக்கும். துணியின் மேல் 10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலும் கசியாது என்று அதற்குப் பொருள். நம் பயணங்களுக்கு அது தாராளம். 20,000 என்று பார்த்ததும் மயங்கி இரண்டு மடங்கு விலை கொடுக்க வேண்டாம்.

ஏனென்றால், தண்ணீர் பெரும்பாலும் துணி வழியாக வருவதில்லை. தையல் ஓட்டை வழியாக வரும். இதோ, உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டுகிறேன். தையல் மேலேயே விரல் அகல டேப் ஓடுகிறது, தெரிகிறதா? தோள், தொப்பி, பக்கவாட்டு, கை என்று எல்லாத் தையலிலும் இது இருக்க வேண்டும். சில ஜாக்கெட்டில் தோளோடு நிறுத்திவிடுவார்கள். அதை அப்படியே திரும்ப மாட்டிவிட்டு வாருங்கள்.

அப்புறம் வியர்வை. "சுவாசிக்கும் துணி" என்று விற்கிறார்களே, அது உள்ளே இருக்கும் ஆவி வெளியே போக வழிவிடும், உண்மைதான். ஆனால் வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிட உலர்வாக இருந்தால்தான் ஆவி நகரும். சிங்கப்பூர்க் காற்றிலும் கினபாலுவின் அடிவாரக் காட்டிலும் ஏற்கெனவே ஈரப்பதம் நிரம்பி வழிகிறது. ஆவி எங்கே போகும்? உள்ளேயே தண்ணீராகிவிடும். நாம் ஜாக்கெட் ஒழுகுகிறது என்று திட்டுவோம்! அதனால் நான் முதலில் தேடுவது அக்குள் ஜிப். இதோ, இழுக்கிறேன்... இவ்வளவு நீளம் திறக்க வேண்டும். எந்த விலையுயர்ந்த துணியைவிடவும் ஏற்றத்தில் இதுதான் கைகொடுக்கும்.

தொப்பியைப் போட்டுக்கொண்டு தலையைத் திருப்பிப் பாருங்கள். தொப்பியும் கூடவே திரும்பினால் சரி. அது அப்படியே நின்று உங்கள் கண் துணியைப் பார்த்தால் வேண்டாம். முதுகுப்பையையும் கடைக்குக் கொண்டு போங்கள். பையை மாட்டிக் கையைத் தூக்கும்போது இடுப்பு தெரியக்கூடாது.

இந்த விலையில் பெரும்பாலும் இரண்டரை லேயர்தான் கிடைக்கும், அதாவது மேல்துணி, தண்ணீர் தடுக்கும் படலம், அதன்மேல் மெல்லிய பூச்சு மட்டும். எடை குறைவு, சுருட்டினால் சின்னதாகிவிடும். வியர்த்தால் கையில் ஒட்டும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். உள்ளே தனித் துணியும் சேர்ந்த மூன்று லேயர் தள்ளுபடியில் வந்தால் யோசிக்காமல் எடுங்கள்.

நாள்பட்டால் மேல்துணியில் மழைத்துளி உருண்டு ஓடாமல் ஊறும். பயப்படாதீர்கள். சாஃப்ட்னர் போடாமல் துவைத்து, லேபிளில் அனுமதி இருந்தால் உலர்த்தியில் மிதமான சூட்டில் கொஞ்ச நேரம் விடுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

கடைசியாக, பழைய ஜாக்கெட் வாங்குகிறவர்களுக்கு. தண்ணீரைத் தடுக்க உள்ளே பூசியிருக்கும் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் நம் ஊர்ப் புழுக்கத்தில், மூடிய அலமாரியில் கிடந்தே கெட்டுப்போகும். வெளியே புத்தம் புதிதாகத்தான் இருக்கும். உள்பக்கத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ தோல் உரிவதுபோல் உதிர்ந்தாலோ, 20 வெள்ளிக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.