நாகை மாவட்டத்தில் ஆண் ஆசிரியர்கள் திடீரென்று குறைந்தார்களா?

[திரையில்: நாகப்பட்டினம் மாவட்டத்தின் மாதிரிக் கோடு. 2020-ஐ ஒட்டி ஒரு செங்குத்துச் சரிவு.]

யூடைஸ், அதாவது பள்ளிகளிடமிருந்து ஆண்டுதோறும் அரசு திரட்டும் தரவை எடுத்து, தொடக்கப் பள்ளி ஆண் ஆசிரியர் எண்ணிக்கையை மாவட்டவாரியாகக் கோடு போட்டால் நாகையில் இப்படி ஒரு பள்ளம் விழும். வாத்தியார்கள் எங்கும் போய்விடவில்லை. மாவட்டம்தான் பிரிந்தது.

2020 டிசம்பர் 28 அன்று மயிலாடுதுறை தனி மாவட்டமானது. பழைய நாகையின் 11 ஒன்றியங்களில் கொள்ளிடம், சீர்காழி, மயிலாடுதுறை, குத்தாலம், செம்பனார்கோயில் ஆகிய ஐந்தும் அந்தப் பக்கம் போய்விட்டன. இன்னும் பின்னால் போனால் சிக்கல் கூடும். 1991-ல் தஞ்சாவூரிலிருந்து நாகை பிரிந்தது. 1997-ல் திருவாரூர் வந்தது. அதன் பெரும்பகுதி நாகையிலிருந்து, வலங்கைமான் மட்டும் தஞ்சையிலிருந்து. 1990-ன் ‘தஞ்சாவூரை’ இன்றைய தஞ்சாவூரோடு ஒப்பிடவே கூடாது. நான்கு மாவட்டங்களையும் கூட்டி ஒரே டெல்டாவாக வைத்தால்தான் அந்த ஆண்டு வரை கோடு போகும்.

[திரையில்: ஒன்றிய வரைபடம்.]

அதனால் ஒன்றிய அளவில் தரவை எடுங்கள். இன்றைய எல்லைப்படி ஒன்றியங்களைச் சேர்த்து, பழைய ஆண்டுகளுக்கும் அதே கூட்டலைச் செய்யுங்கள். இணைக்கும்போது பெயரின் எழுத்தைக் கவனியுங்கள். ஓர் ஆண்டு ‘செம்பனார்கோயில்’, அடுத்த ஆண்டு ‘செம்பனார்கோவில்’ என்று இருந்தால் கணினிக்கு அவை இரண்டு ஊர்கள். இரண்டிலும் பாதி ஆண்டுகள் காலியாக நிற்கும்.

அடுத்தது, யாரை எண்ணுகிறோம்? 1 முதல் 5 வரை உள்ள பள்ளிகளை மட்டும் எடுத்தால், நடுநிலைப் பள்ளியில் அதே வகுப்புகளை எடுக்கும் இடைநிலை ஆசிரியர்கள் விடுபடுவார்கள். ஒரு தொடக்கப் பள்ளி நடுநிலையாகத் தரம் உயர்ந்த ஆண்டில், அதன் ஆசிரியர்கள் பட்டியலிலிருந்தே காணாமல் போவார்கள். பள்ளி வகையை விட்டுவிட்டு, தரவு அட்டவணையில் ஆசிரியர் எந்த வகுப்புக்குப் பாடம் எடுக்கிறார் என்ற பத்தியைப் (column) பாருங்கள். அரசு, உதவி பெறும், தனியார் மூன்றையும் தனித்தனிக் கோடாகவே வையுங்கள்.

[திரையில்: 2020, 2022 என்று இரண்டு நிலைக்கோடுகள்.]

இந்த இரண்டு ஆண்டுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். தமிழக அரசு ஓய்வு வயதை 2020 மே மாதம் 58-லிருந்து 59 ஆக்கியது. 2021 பிப்ரவரியில் 60 என்று அறிவித்தது. ஆக, 2020 மே தொடங்கி இரண்டு ஆண்டு வயது முதிர்வு ஓய்வே ஏறக்குறைய இல்லை. 1989-ல் அரசுப் பணி நியமனத்தில் பெண்களுக்கு 30 சதவீத ஒதுக்கீடு வந்தது; அதற்கு முன் சேர்ந்தவர்களில் ஆண்கள் அதிகமென்றால், அவர்கள் அந்த இரண்டு ஆண்டும் கூடுதலாகப் பணியில் நிற்பார்கள். அப்போது கோடு சமமாக ஓடி, பிறகு இறங்கும். சமமாக ஓடுவதைப் பார்த்து ‘சரிவு நின்றுவிட்டது’ என்று எழுதினால் தப்பு.

[திரையில்: கணக்கு.]

கடைசியாகச் சரிவைப் பிரித்துப் பார்ப்போம். மாதிரிக்கு ஓர் ஒன்றியம்: முன்பு 300 ஆசிரியர்கள், ஆண்கள் 120, அதாவது 40 சதவீதம். இப்போது 250 பேர், ஆண்கள் 75, அதாவது 30 சதவீதம். குறைந்தது 45. மொத்தப் பணியிடம் 50 சுருங்கியது. அதில் 40 சதவீதம் 20. இந்த 20 பேர், பிள்ளைகள் குறைந்ததாலும் பணிநிரவலாலும் (உபரி ஆசிரியர்களை வேறு பள்ளிக்கு மாற்றுவது) போயிருக்கலாம். ஆண், பெண் கணக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பங்கு 10 புள்ளி இறங்கியது. 250-ல் 10 சதவீதம் 25. உண்மையில் ஆண்கள் விலகியதைச் சொல்வது இந்த 25-தான். இரண்டையும் கலந்து 45 என்று தலைப்புப் போடுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

பள்ளிவாரிச் சதவீதங்களைச் சராசரி எடுக்கவே வேண்டாம். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் மாறுதலில் போனாலே 50 புள்ளி ஆடும். ஆண்களை எல்லாம் கூட்டி, ஆசிரியர் மொத்தத்தால் வகுங்கள்.

காரைக்காலைச் சேர்க்கலாமா? டெல்டாவுக்கு நடுவில்தான் இருக்கிறது. ஆனால் புதுச்சேரி நிர்வாகம், தனி நியமன விதி, யூடைஸிலும் மாநிலக் குறியீடு தமிழகத்தின் 33-க்குப் பதில் 34. பக்கத்தில் தனிக் கோடாகப் போடுங்கள், கூட்டாதீர்கள்.